நாய்க்கு ஆறு மாத ஜெயில்!
இருபதாம் நூற்றாண்டில், கிறிஸ்துமஸுக்கு பாரிஸ் கிளம்பிய லண்டன்காரர் செல்ல நாயையும் கூட்டிப் போகலாம். தடையில்லை. திரும்பும்போதுதான் வினை! ரேபிஸ் பயத்தால், வெளிநாட்டிலிருந்து வரும் நாயை ஆறு மாதம் தனியே அடைத்துவைப்பது 1901 முதல் பிரிட்டிஷ் சட்டம்.

வீண் பயமில்லை. 1918-ல், போர்முனையிலிருந்து சிப்பாய்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்கள் மூலம் ரேபிஸ் மறுபடி நுழைந்ததாகச் சொல்கிறார்கள். அதை ஒழிக்க 1922 வரை ஆயிற்று.

எலிசபெத் டெய்லர் என்ன செய்தார் தெரியுமோ? 1968-ல் தேம்ஸ் நதியில் ஒரு சொகுசுப் படகையே வாடகைக்கு எடுத்து, நாய்களைக் குடிவைத்தார். கரையில் கால் வைத்தால்தானே சட்டம்! படகுக்கு வக்கில்லாதவர்கள் நாயைப் பிரிந்து போனார்கள்.

2000 பிப்ரவரியில்தான் சட்டம் தளர்ந்தது. மைக்ரோசிப், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை... அப்புறம் ஆறு மாதக் காத்திருப்பு. ஆமாம், அதே ஆறு மாதம்! ஆனால், சொந்த வீட்டு சோபாவில்.