பாஷாணம் பிள்ளைகளைக் காத்த கதை

பாஷாணம் என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு முதலில் எலி மருந்துதான் ஞாபகம் வரும். அடுத்தது பழனி நவபாஷாணச் சிலை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன் என்பதால் எனக்கு மூன்றாவதாக ஆர்சனிக்கும் ஞாபகம் வரும். சித்த வைத்தியத்தில் சொல்லும் வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை எல்லாமே ஆர்சனிக் சேர்ந்த பொருள்கள்தான். வெள்ளைப் பாஷாணத்தைப் பாடப் புத்தகம் ஆர்சனிக் டிரை ஆக்சைடு என்று சொல்லும். வெள்ளைத் தூள். வாசனை கிடையாது. ஒரு சிட்டிகை ஆளை முடித்துவிடும்.

அதே பொருள்தான் இன்று பிள்ளைகளுக்கு வரும் ஓர் அபூர்வ ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்து. அது மருந்தானதில் நம் ஊரிலிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பெரிய பங்கு உண்டு. போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ்ஸில் ஒரு முறையாவது நோயாளியோடு போகாத குடும்பம் இங்கே குறைவு. ஆனால் இந்த வரலாறு தெரிந்தவர்களும் குறைவு. அதனால் எழுதுகிறேன்.

ரத்தப் புற்று என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே பல வகைகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது லிம்ஃபோபிளாஸ்டிக் வகை. மைலாய்ட் என்ற இன்னொரு வகை அதைவிடக் குறைவு. அந்த மைலாய்டுக்குள்ளும் ஒரு சிறு பிரிவுதான் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. சுருக்கமாக ஏ.பி.எல். என்பார்கள். 1957இல் நார்வே நாட்டு மருத்துவர் லெய்ஃப் ஹில்லஸ்டாட் மூன்று நோயாளிகளை விவரித்து, இது தனி நோய் என்று எழுதினார். மற்ற வகைகளைவிட இது வேகமானது. சில வாரங்களில் ஆளைக் கொண்டுபோய்விடும். ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களை எல்லாம் இந்த நோய் தின்று தீர்த்துவிடுவதால், பல் ஈறில், மூக்கில், தோலுக்கடியில், கடைசியில் மூளையில் ரத்தம் கசியும்.

1970களின் கடைசியில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து நடந்து வருவான். ஒரு திங்கட்கிழமை அவன் கையெல்லாம் நீலம் பூத்திருந்தது. வீட்டில் அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை சார் என்றான். வியாழக்கிழமை ஈறில் ரத்தம். அடுத்த வாரம் அவன் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. "ரத்தப் புற்றாம்" என்ற ஒரு சொல்லோடு ஊர் அடங்கிவிட்டது. எந்த வகை என்று பிரித்துக் கேட்கும் வழக்கமே அப்போது எங்கள் பக்கம் இல்லை.

பிரித்துக் கேட்பதில்தான் உயிர் இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஏ.பி.எல்.லைக் கண்டுபிடிக்க முதல் படி சாதாரண மைக்ராஸ்கோப்தான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், கெட்டுப்போன அணுக்களுக்குள் ஊசி ஊசியாகக் குச்சிகள் தெரியும். சில அணுக்களில் அவை விறகுக் கட்டு மாதிரி குவிந்து கிடக்கும். ஆங்கிலத்திலும் விறகுக் கட்டு என்றே அந்த அணுவுக்குப் பெயர். 1977இல் சிகாகோவைச் சேர்ந்த ஜானட் ரௌலி அம்மையார், இந்த நோயாளிகளின் அணுக்களில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டிருப்பதைக் காட்டினார். புத்தகம் பைண்டு பண்ணுகிறவர் இரண்டு புத்தகத்தின் பக்கங்களை மாற்றித் தைத்துவிட்டால் என்ன ஆகும்? அப்படித்தான். அந்தத் தப்புத் தையலிலிருந்து ஒரு தப்பான புரதம் பிறக்கிறது. அது வெள்ளணுவை வளரவிடாமல் பாதியில் நிறுத்தி வைக்கிறது.

மருந்து சீனாவிலிருந்து வந்தது. 1985இல் ஷாங்காயில் வாங் ஜென்யி என்ற மருத்துவர், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த அட்ரா என்ற மாத்திரையை ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கொடுத்தார். கைவிடப்பட்டிருந்த அந்தக் குழந்தை பிழைத்தாள். அந்த மாத்திரை கெட்ட அணுவைக் கொல்வதில்லை, பாதியில் நின்றதை முழுதாக வளர வைக்கிறது. அதற்கு முன்பே, 1970களின் தொடக்கத்தில், ஹார்பின் நகரத்தில் ஜாங் டிங்டாங் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு நாட்டு மருந்தை ஆராய்ந்தார்கள். அதிலிருந்த சரக்குகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில் வேலை செய்வது ஆர்சனிக்தான் என்று தெரிந்தது. அதை ஊசி மருந்தாக்கி ஏற்றினார்கள். ஏ.பி.எல். நோயாளிகள்தான் அதிகம் குணமானார்கள்.

மேல்நாடுகளில் அட்ராவோடு கடுமையான கீமோதெரபியும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆர்சனிக்கை நோய் திரும்பி வந்தவர்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். வேலூரில் நிலைமை வேறு. அங்கே வருகிற பெரும்பாலோர் கைக்காசு போட்டு வைத்தியம் பார்ப்பவர்கள். நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் வருகிறவர்கள். கீமோதெரபி என்றால் மருந்துச் செலவோடு நிற்காது. கிருமித் தொற்று, ரத்தம் ஏற்றுவது, மாதக்கணக்கில் படுக்கை என்று நீளும்.

அங்கே ரத்தவியல் துறையில் இருந்த மாமன் சாண்டியும், விக்ரம் மேத்யூஸ் முதலிய மருத்துவர்களும் 1998 முதல், புதிதாக வரும் நோயாளிகளுக்கே ஆர்சனிக்கை முதல் மருந்தாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மருந்தை ஆஸ்பத்திரியின் சொந்த மருந்தகத்திலேயே தயாரித்தார்கள். பெரியவர்களுக்குத் தினம் 10 மில்லிகிராம், பிள்ளைகளுக்கு எடைக்குத் தக்கபடி, அதிகபட்சம் 60 நாள் வரை. பிறகு இடைவெளி விட்டு நான்கு வாரம். கடைசியில் ஆறு மாதத்துக்கு மாதம் பத்து நாள். பிற்பகுதியில் பலர் வெளியில் தங்கியே ஊசி போட்டுக்கொண்டு போனார்கள்.

2004இல் பிள்ளைகளின் கணக்கு வெளியானது. 11 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. 2006இல் பெரியவர்களையும் சேர்த்து 72 பேரின் கணக்கு வந்தது. நூற்றுக்கு 86 பேருக்கு நோய் அடங்கியது. ஐந்து ஆண்டு கழித்தும் ஏறக்குறைய 74 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஈரானில் தெஹ்ரான் மருத்துவர்களும் அதே காலத்தில் இதே முடிவுக்கு வந்தார்கள். ஆர்சனிக் ஒன்றே போதும் என்று காட்டியவை பணக்கார நாடுகள் அல்ல.

மேல்நாடுகள் பிறகு அதே திசைக்கு வந்தன. 2013இல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள் அட்ராவும் ஆர்சனிக்கும் சேர்ந்தால் பெரும்பாலோருக்கு வழக்கமான கீமோதெரபி தேவையில்லை என்று நிறுவினார்கள். அண்மையில் அமெரிக்காவை மையமாகக் கொண்டு 154 பிள்ளைகளும் இளவயதினரும் இந்த முறையில் சிகிச்சை பெற்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து நூற்றுக்கு 96 பேருக்கு மேல் நோயின்றி இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடைக்குப் போகக் கூடாது. ஆஸ்பத்திரி மருந்து மில்லிகிராமில் அளந்து நரம்பில் ஏற்றுவது. அப்போதும் இதயத் துடிப்பை ஈ.சி.ஜி.யில் அடிக்கடி பார்க்கிறார்கள், உப்புச் சத்துகளைக் கணக்கிடுகிறார்கள், காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வருகிறதா என்று கவனிக்கிறார்கள். அளவு தெரியாத செந்தூரமும் பற்பமும் பிள்ளையின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

இன்றும் இந்த நோயில் சாவு நடப்பது பெரும்பாலும் முதல் சில வாரங்களில், ரத்தக் கசிவால்தான். அதனால் வைத்தியம் தொடங்குவது ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்து. நோய் என்று சந்தேகம் வந்த உடனேயே, மரபணுப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல் அட்ராவை ஆரம்பிக்கிறார்கள். தட்டணுவும் பிளாஸ்மாவும் ஏற்றுகிறார்கள்.

பேரப் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது நம் வயதுக்காரர்கள்தான். அடிபடாமலே நீலம் கட்டினால், பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தால், காலில் ஊசி குத்தினது போலச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், மூக்கில் ரத்தம் திரும்பத் திரும்ப வந்தால், சூடு என்று வெந்தயம் கொடுத்து உட்காராதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தார்களா என்று கேளுங்கள். நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வேலூர் பஸ் எந்நேரமும் இருக்கிறது.