ஒரே ஹால், நாலு கணக்கு: கட்டிடத்துக்கு வகை பிரிக்கிற சட்டத்தின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகத் திருத்திச் சுருக்கியிருக்கிறோம்.)

நெய்யூர்ல இருந்து பேசுறேன். இன்னைக்கும் வரலாறுதான். ஆனா ராஜா, போர், கோட்டை எதுவும் கிடையாது. ஒரு அட்டவணையோட வரலாறு.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 60 சதுர மீட்டர்ல ஒரு ஹால் இருக்குன்னு வச்சுக்குவோம். கிட்டத்தட்ட 650 சதுர அடி. தீப்பிடிச்சா குறைஞ்சது எத்தனை பேர் வெளியேறுற மாதிரி அதுக்கு வழி விடணும்? நேஷனல் பில்டிங் கோட்னு சொல்ற தேசியக் கட்டிட விதித்தொகுப்புல இதுக்கு ஒரு அட்டவணை இருக்கு. 2005 பதிப்புப்படி, வீடுன்னா ஆளுக்கு 12.5 சதுர மீட்டர். அதாவது 5 பேர். பள்ளிக்கூடம்னா ஆளுக்கு 4. அப்போ 15 பேர். நாற்காலி போட்டு கூட்டம் நடத்துற அரங்கம்னா ஆளுக்கு 0.6. அப்போ 100 பேர். ஆஸ்பத்திரின்னா ஆளுக்கு 15. அப்போ 4 பேர்.

அதே சுவர், அதே கூரை. உள்ளே என்ன நடக்குதுங்கிறது மாறினா, பதில் 4-ல இருந்து 100 வரைக்கும் போகுது. கோடு எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு வேரியபிளுக்கு டைப் சொல்லாம அதை வச்சு என்ன செய்யலாம்னு சொல்ல முடியாது இல்லையா? கட்டிடத்துக்கும் அப்படி ஒரு டைப் உண்டு. அதைத்தான் இங்கே ‘பயன்பாட்டு வகை’ன்னு சொல்றாங்க.

ஏ முதல் ஜே வரை

இந்த விதித்தொகுப்பு முதல்ல வந்தது 1970-ல. பிறகு 1983, 2005, 2016-னு திருத்திப் புதுசா வெளியிட்டாங்க. அதுல கட்டிடங்களுக்கு ஒன்பது வகை: ஏ குடியிருப்பு, பி கல்வி, சி நிறுவனம், டி மக்கள் கூடும் இடம், இ அலுவலகம், எஃப் கடை, ஜி தொழிற்சாலை, ஹெச் கிடங்கு, ஜே அபாயகரமானது. நடுவுல ‘ஐ’ கிடையாது.

பார்க்க ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கும். ஆனா இதுக்குப் பின்னாடி நாலு கேள்விகள் இருக்கு. உள்ளே இருக்கிறவங்க முழிச்சிருக்காங்களா, தூங்குறாங்களா? வழி தெரிஞ்சவங்களா, முதல் தடவை வந்தவங்களா? எவ்வளவு நெருக்கமா இருக்காங்க? தானா எழுந்து நடக்க முடியுமா?

எங்க ஊர் ஆஸ்பத்திரியையே எடுத்துக்குங்க. 1838-ல, இந்த மண்ணு திருவிதாங்கூர்ல இருந்தப்போ, லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே தொடங்கின மருத்துவப் பணி அது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் வேலை பார்த்ததும் இங்கேதான். அறுவை முடிஞ்சு படுத்திருக்கிற ஒருத்தரை, தீ பிடிச்சா கட்டிலோட தள்ளிக்கிட்டுத்தான் போகணும். அதனாலதான் 2005 பதிப்புல வீட்டு மாடிப்படிக்குப் பொதுவா 1 மீட்டர் அகலம் போதும், பள்ளிக்கு 1.5, பத்துப் படுக்கைக்கு மேல உள்ள ஆஸ்பத்திரிக்கு 2 மீட்டர்.

சி வகையோட உட்பிரிவுகள் இன்னும் சுவாரசியம். சி-1 மருத்துவமனை, சி-2 முதியோர், குழந்தைகள் மாதிரி பிறர் பராமரிப்புல இருக்கிறவங்களோட இல்லங்கள், சி-3 சிறையும் மனநல நிலையமும். சிறையும் மனநல இல்லமும் எப்படி ஒரே பெட்டியில வரும்? குற்றம், நோய் பத்தியெல்லாம் விதிக்குக் கவலை இல்லை. கதவைத் தானே திறந்து வெளியே போக முடியுமாங்கிறது மட்டும்தான் அதோட கேள்வி. ரெண்டு இடத்துலயும் சாவி வேற ஆள் கையில இருக்கு.

அட்டவணை எழுதின தீக்கள்

இந்த வகைகளை யாரும் ரூம் போட்டு யோசிச்சு ஒரே நாள்ல எழுதல. 1908-ல அமெரிக்காவோட ஓஹாயோ மாநிலத்துல, காலின்வுட்ங்கிற ஊர்ப் பள்ளியில 172 குழந்தைகள் தீயில இறந்தாங்க. 1911 மார்ச் 25-ல நியூயார்க்கின் ட்ரையாங்கிள் தையல் தொழிற்சாலையில 146 பேர். அங்கே ஒரு வெளிவாசல் கதவு பூட்டியிருந்தது. அதுக்கப்புறம் 1913-ல அந்த நாட்டுத் தீத்தடுப்புச் சங்கம் உயிர்ப் பாதுகாப்புக்குன்னு ஒரு குழு அமைச்சது. 1927-ல வெளியேறும் வழிகளுக்கான விதித்தொகுப்பு வந்தது.

இருந்தும் 1942 நவம்பர் 28-ல பாஸ்டனின் கோக்கனட் குரோவ் இரவு விடுதியில 492 பேர் இறந்தாங்க. முன்வாசல் சுழலும் கதவு. கூட்டம் முட்டினதும் அது நின்னுபோச்சு. அப்போ பல இடத்து விதிகள்ல உணவகமும் இரவு விடுதியும் ‘மக்கள் கூடும் இடம்’ங்கிற வகைக்குள்ளயே வரல. தியேட்டருக்கு இருந்த கட்டுப்பாடு, அதே நெருக்கடி இருந்த விடுதிக்கு இல்லை. விபத்துக்குப் பிறகுதான் சேர்த்தாங்க.

நம்ம பக்கம்

2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியறதுக்குள்ள ஒரு மனநல இல்லத்தின் ஓலைக் கொட்டகையில தீ. உள்ளே இருந்தவங்களைச் சங்கிலியால கட்டியிருந்தாங்க. 28 பேர் இறந்தாங்க. புத்தகப்படி அது சி-3. நடைமுறையில அது ஒரு கொட்டகை, அவ்வளவுதான். எந்த வகையிலயும் யாரும் எழுதி வைக்கல. மனநலச் சட்டம் வந்தது 1987-ல. உரிமம் வாங்கணும்னு அதுல இருந்தது.

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். ஒரு கல்யாண மண்டபத்துல போட்டிருந்த ஓலைப்பந்தல் பத்திக்கிச்சு. மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல இறந்தாங்க. மண்டபம் டி வகை. ஆனா அதுக்கு மேல போட்ட பந்தல் எந்த வகை?

அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டிடத்துல மூணு பள்ளிகள். மதிய உணவு சமைக்கிற இடத்துல பிடிச்ச தீ, மேல கீற்றுக் கூரை போட்டிருந்த வகுப்பறைக்கு ஏறிச்சு. இறங்க இருந்த படி குறுகல். 94 குழந்தைகள். எல்லாரும் ஆரம்பப்பள்ளி வயசு.

இங்கேதான் விதித்தொகுப்புல இருக்கிற ஒரு வரி முக்கியம். ஒரே கட்டிடத்துல ரெண்டு பயன்பாடு இருந்தா, எது அதிக ஆபத்தோ அதுக்கான விதி மொத்தக் கட்டிடத்துக்கும் பொருந்தும். அப்படி வேண்டாம்னா, 2005 பதிப்புப்படி நாலு மணி நேரம் தீயைத் தாங்குற சுவர் கட்டி ரெண்டையும் பிரிக்கணும். அடுப்பு எரியுற இடமும் சின்னப் பிள்ளைங்க உட்கார்ற இடமும் பக்கத்துல இருக்கலாம். ஆனா நடுவுல என்ன இருக்குன்னு கேட்க ஒரு ஆள் வேணும். கும்பகோணத்துல நடுவுல இருந்தது ஓலை.

செங்கல் நகராம மாறுற கட்டிடம்

அப்போ விதியே இல்லையான்னு கேட்டா, இருந்தது. ஆனா தேசிய விதித்தொகுப்பு தானா சட்டம் ஆகாது. மாநில அரசும் உள்ளாட்சியும் தங்களோட விதிகள்ல எடுத்துக்கிட்டாத்தான் கட்டாயம். கும்பகோணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகள்ல கூரையை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. 2009 ஏப்ரல் 13-ல, அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு படி மேல போச்சு. கல்வி உரிமைன்னா பாதுகாப்பான பள்ளியில படிக்கிற உரிமையும் சேர்ந்ததுதான்னு சொல்லி, 2005 விதித்தொகுப்புல உள்ள தீப்பாதுகாப்பைப் பள்ளிகள் பின்பற்றணும்னு உத்தரவிட்டது.

எனக்குப் பிடிச்ச சட்டம் இதைவிடப் பழசு. 1971-ன் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம். அதுல ‘மேம்பாடு’ன்னா என்னன்னு வரையறுக்கிற இடத்துல, கட்டுறதோட, ஒரு கட்டிடத்தோட பயன்பாட்டை முக்கியமான அளவுல மாத்துறதும் வருது. அதாவது ஒரு செங்கல்லைக்கூட அசைக்க வேண்டாம். வீட்டை ஹாஸ்டல் ஆக்கினாலே சட்டத்தோட கண்ணுல நீங்க புதுசா ஏதோ செய்யுறீங்க, அனுமதி வாங்கணும்.

இப்போ நம்ம தெருவை நினைச்சுப் பாருங்க. கீழே பேக்கரி, நடுவுல குடும்பம், மொட்டை மாடியில தகரக் கூரை போட்டு டியூஷன் சென்டர். வரைபடத்துல அது இன்னமும் ‘குடியிருப்பு’. படி 1 மீட்டர்கூட இருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நாற்பது பிள்ளைங்க. பேக்கரி அடுப்பு எஃப் வகை கடையா, ஜி வகை தொழிலான்னு ரெண்டு இன்ஜினியர் உட்கார்ந்து வாதாடலாம். அதுக்கு மேல இருக்கிற பிள்ளைங்க பி வகை. அதுல வாதாட ஒண்ணுமில்லை.

சென்னை, பெங்களூர்ல பிஜி தேடுறவங்க, தங்கச்சியை டியூஷன்ல சேர்க்கிறவங்க வாடகை, வைஃபை விசாரிக்கும்போது மூணு கேள்வி சேர்த்துக்குங்க. இந்தக் கட்டிடத்துக்கு எதுக்குன்னு அனுமதி வாங்கினாங்க? ரெண்டாவது படி எங்கே? ராத்திரி கேட் பூட்டினா சாவி யார்கிட்ட? மூணாவதுக்குப் பதில் ‘ஓனர்கிட்ட, அவர் வேற தெருவுல இருக்கார்’னு வந்தா, அந்த ஹாஸ்டல் ராத்திரி நேரத்துல எந்த வகைக்குப் பக்கத்துல போயிடுதுன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வரட்டா!