போலீஸ் ஏடும் மனிதன் பெயரும்

ஒருவனைக் குற்றவாளி என்று முடிவு கூறும் அதிகாரம் நியாயஸ்தலத்துக்கே உரியது. ஆயினும், நியாயஸ்தலம் வாய் திறப்பதற்கு நெடுநாள் முன்னரே போலீஸ் ஸ்டேஷன் ஏட்டில் அவன் பெயர் ஏறிவிடுகின்றது. தீர்ப்பு அவனை விடுவித்த பின்னரும், ஏறிய பெயர் தானே இறங்கிப் போவதில்லை. உத்தியோகத்துக்கு மனுச் செய்யுங்காலும், கடல் கடந்து செல்லச் சீட்டுக் கோருங்காலும், பெண் கொடுப்போர் விசாரிக்குங்காலும் அப்பெயர் முன்வந்து நிற்கின்றது. ஆதலின், இவ்வேடுகள் எவ்வாறு தோன்றின, அவற்றை யார் பார்க்கலாம், அவற்றினின்றும் பெயரை நீக்கிக்கொள்ளும் மார்க்கம் யாது என்பவற்றை நம் சங்கத்தைச் சேர்ந்த ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிதல் அவசியமாகும்.

தமிழ்நாட்டில் இச்சரித்திரம் ரேகைச் சட்டத்தோடு பிணைந்தது. 1871-ம் வருஷத்தில் ஆங்கில சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தை முதலில் வட இந்தியாவுக்கென இயற்றினர். 1911-ம் வருஷத்துச் சட்டத்தினால் அது சென்னை ராஜதானிக்கும் எட்டிற்று. சர்க்கார் ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என்று அறிவித்துவிட்டால், அக்கூட்டத்தில் பிறந்தோர் பெயர்களை ரிஜிஸ்தரில் எழுதலாம். விரல் ரேகையை எடுக்கலாம். அவர்கள் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டுமென்று உத்தரவிடலாம். இரவுதோறும் ஸ்டேஷனிலோ சாவடியிலோ படுத்துறங்கும்படி ஆடவர் கட்டாயப்படுத்தப்பட்டனர். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டியதாயிற்று. பதிவினால் துன்புற்றவன் ஜில்லா மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம் என்று சட்டம் கூறியது உண்மையே. ஆனால், சர்க்காரின் அறிவிப்பே செல்லுமா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கலாகாது என்றும் அதே சட்டம் தடுத்தது. சிறு கதவைத் திறந்து வைத்துப் பெரிய வாசலை அடைத்த கதையாயிற்று அது.

1920-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ந் தேதி, மதுரை ஜில்லா உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில், ரேகை கொடுக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். பதினைந்து பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்மணியும் ஒருவர். அவர்கள் எதிர்த்தது மையையும் காகிதத்தையும் அன்று. குற்றம் செய்யாதவன் பெயரைக் குற்றவாளிகளின் ஏட்டில் எழுதுவதையே எதிர்த்தனர்.

அதே 1920-ம் வருஷத்தில் அதே சர்க்கார் வேறொரு சட்டமும் செய்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. கைதிகளை அடையாளம் காணும் சட்டம் என்பது அதன் பெயர். முன்பு தண்டனை பெறாத ஒருவன் விசாரணையின்றி விடப்பட்டாலும், விசாரணையில் விடுதலை பெற்றாலும், அவனிடம் எடுத்த அளவுகளையும் படங்களையும் அழித்துவிட வேண்டும், அல்லது அவனிடமே கொடுத்துவிட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. கோர்ட்டாரோ, விசாரணையின்றி விடப்பட்டவன் விஷயத்தில் மாஜிஸ்திரேட்டு முதலிய அதிகாரியோ வேறு விதமாக உத்தரவிட்டால் மட்டுமே விலக்கு. திருடினான் என்று பிடிபட்டு விடுதலை பெற்றவனுக்குக் கிடைத்த இந்த நியாயம், பிறப்பொன்றினாலேயே ரேகை எடுக்கப்பட்டவனுக்குக் கிடைக்கவில்லை. வழக்கு இருந்தாலன்றோ விடுதலை? விசாரணையே இல்லாதவனுக்கு விடுதலைத் தீர்ப்பு எங்ஙனம் வரும்? தீர்ப்பின்றி எழுதப்பட்ட பெயரே நீக்குதற்கு மிகவும் அரிய பெயர் என்பதை நாம் இச்சரித்திரத்தினின்றும் கற்கின்றோம்.

அப்பெயர்களை நீக்கக் கோர்ட்டுக்கு வெளியிலும் போராட வேண்டியதாயிற்று. மதுரையில் வக்கீல் தொழில் செய்த ஜார்ஜ் ஜோசப் அவர்கள் பாதிக்கப்பட்டோருக்காக வாதாடினார். மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்புடன் அழைத்தனர். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவர்கள் இச்சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகக் கிளர்ச்சி செய்தார். 1947-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தாயிற்று; 1952-ம் வருஷத்தில் இந்தியா முழுவதும் ஒழிந்தது. எனினும், 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று சென்னையில் பிறந்துவிட்டது. கூட்டத்தின் பெயர் சட்டத்தில் மறைந்தது. ஏடு வைக்கும் பழக்கம் மறையவில்லை. பின்தங்கிய சமூகங்களைச் சேர்ந்த நிரபராதிகள்மீது யந்திரம் போலச் சரித்திரப் பதிவேடு தொடங்குவதைச் சுப்ரீம் கோர்ட்டு 2024 மே மாதத்திலும் கண்டித்து, உயர் அதிகாரிகள் அவ்வேடுகளைக் காலந்தோறும் தணிக்கை செய்ய வேண்டுமென்றது. அவ்வாண்டு அக்டோபர் 3-ந் தேதி, சிறை ரிஜிஸ்தர்களிலுள்ள ஜாதிப் பகுதியையே நீக்கும்படி உத்தரவிட்டது.

இனி, இவ்வேடுகளை யார் பார்க்கலாம் என்பதை ஆராய்வோம். போலீஸார் கண்காணிப்புக்கென வைக்கும் ஏடு இரகசியமானது. ஆயினும், ஒருவன் பெயரை எழுதுதற்குத் தகுந்த காரணம் இருந்ததா என்று கோர்ட்டார் கேட்கலாம் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு மலக் சிங் வழக்கில் தெளிவாக்கியுள்ளது. கைது செய்யப்பட்டோரின் பெயரும் விலாசமும் ஜில்லாக் கட்டுப்பாட்டு அறையின் பலகையில் எழுதப்பட வேண்டும் என்பது 2010 முதல் சட்டமாகும். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்திற்குள் இணையத்தில் வெளியிட வேண்டுமென்று 2016 செப்டம்பர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. பெண்கள், குழந்தைகள் சம்பந்தமான பாலியல் வழக்குகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

இவ்விளம்பரம் தீமையென்று எண்ணற்க. பிடித்துச் செல்லப்பட்டவன் எங்கேயுள்ளான் என்று தெரியாமல் தாயும் மனைவியும் ஸ்டேஷன் ஸ்டேஷனாய் அலைந்த கொடுமைக்கு இது மருந்து. ஆனால், மருந்திலும் நஞ்சு கலந்துள்ளது. அறிக்கையை எவரும் பார்க்கலாம். பின்னர் வரும் விடுதலைத் தீர்ப்பைத் தேடிப் படிப்போர் மிகச் சிலரே. விடுதலை பெற்ற ஒருவர் தம் பெயரைத் தீர்ப்பினின்றும் மறைக்கக் கோரியபோது, சென்னை ஐகோர்ட்டு 2021-ல் மறுத்தது. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அதனை அனுமதித்தனர். அவ்வாண்டு ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அவ்வுத்தரவை நிறுத்தி வைத்தது. அறிஞர்களும் ஒருமனப்படாத விஷயம் இது.

ஆயினும், நிச்சயமான மார்க்கங்கள் சில உள. முதலாவது, வழக்கே ஆதாரமற்றதாயின், அல்லது தனிப்பட்ட சச்சரவு சமாதானத்தில் முடிந்திருப்பின், அதனை ரத்துச் செய்யும்படி ஐகோர்ட்டை வேண்டலாம். 2024 ஜூலை முதல் அமுலிலுள்ள நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 528-வது பிரிவு இதற்குரியது. கொலை முதலிய கொடிய குற்றங்களுக்குச் சமாதானம் உதவாது. இரண்டாவது, முன்பு தண்டனை பெறாதவன் விடுதலையடைந்து மேல்முறையீடுகளும் முடிந்த பின், அவனுடைய ரேகை முதலியவற்றை அழிக்க வேண்டுமென்று 2022-ம் வருஷத்துச் சட்டமும் கூறுகின்றது. கோர்ட்டார் காரணம் எழுதி வேறு விதமாக உத்தரவிட்டால் மட்டுமே அவை நிற்கும். இவ்விடுதலை இல்லையேல் அப்பதிவு 75 வருஷம் நீடிக்கும். மூன்றாவது, காரணமின்றிச் சரித்திரப் பதிவேட்டில் பெயர் இருப்பின், போலீஸ் சூப்பிரண்டுக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பயனில்லையேல் ஐகோர்ட்டை அணுகலாம். நான்காவது, பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர் செய்த பிழையினால் பிற்காலத்தில் தகுதிக் குறைவு வராது. நடத்தைச் சான்றுக்காக முடிந்த வழக்கின் பதிவை வெளியிடலாகாது என்றும் 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் காக்கின்றது. மிகக் கொடிய குற்றத்துக்காகப் பெரியவர் போல விசாரிக்கப்பட்டவர்க்கு இந்தச் சலுகை முழுதும் பொருந்தாது.

வாலிபர்க்கு ஒரு வார்த்தை. உத்தியோக மனுவில் வழக்குண்டா என்று கேட்டால் மறையாது எழுதுக. அற்ப வழக்கை அதிகாரிகள் மன்னிக்கலாம். மறைத்த பொய்யே வேலையைக் கெடுக்கும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிய நெறியும் இதுவே.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். நிலப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் நாம், விடுதலைத் தீர்ப்பின் நகலைப் பெறாமலே வீடு திரும்புகின்றோம். நகல் பெறுக, அதனைப் பத்திரமாகக் காக்க, ரேகையை அழிக்க மனுக் கொடுக்க. பெருங்காமநல்லூரில் மாண்டோர்க்குக் காட்டுதற்கு ஒரு தீர்ப்பும் இருந்ததில்லை. நமக்கு அது கிடைக்கும் காலம் வந்துள்ளது. கையில் உள்ள தீர்ப்பைக் காட்டிப் பெயரை மீட்காமலிருப்பது, அவர்கள் சிந்திய இரத்தத்தை மறந்ததாகும்.