தி கன்ட்ரி வைஃப்

வில்லியம் விச்சர்லி எழுதிய இந்த ஆங்கில நகைச்சுவை நாடகம் 1675 ஜனவரியில் லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் மேடையேறியது. 1642இல் மூடப்பட்ட நாடக அரங்குகள், இரண்டாம் சார்லஸ் 1660இல் அரியணைக்குத் திரும்பிய பிறகுதான் முறையாகத் திறந்தன. பெண் வேடங்களில் பெண்களே நடிக்கத் தொடங்கியதும் அப்போதுதான். கணவன் மனைவிக்கிடையிலான சந்தேகமும் கள்ள உறவும் அந்தக் கால மேடையின் விருப்பப் பொருள்கள்.

ஹார்னர் என்னும் பெண்பித்தன், தான் ஆண்மையிழந்துவிட்டதாக ஒரு வைத்தியரைக் கொண்டு ஊரெங்கும் வதந்தி பரப்புகிறான். அதை நம்பும் கணவர்கள் தங்கள் மனைவியரை அவனோடு பழகவிடுகிறார்கள். இந்தச் சூழ்ச்சியின் வேர் ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸின் 'யூனுகஸ்' நாடகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரிடமிருந்தும் விச்சர்லி தாராளமாக எடுத்துக்கொண்டார். ஆனால் புகழ்பெற்ற பீங்கான் காட்சி அவருடைய கைவண்ணம்: பூட்டிய அறையில் ஹார்னரும் லேடி ஃபிட்ஜெட்டும், வெளியே அவள் கணவர், மனைவி பீங்கான் வாங்கத்தான் போயிருக்கிறாள் என்ற நம்பிக்கையோடு.

நாடகத்தின் உயிர் மார்ஜரியிடம் இருக்கிறது. உலகம் அறியாதவள் துரோகம் செய்யமாட்டாள் என்று கணக்குப் போட்டே பின்ச்வைஃப் அந்தக் கிராமத்துப் பெண்ணை மணந்திருக்கிறான். ஹார்னர் அவள்மேல் கண்வைத்ததும், அவனை வெறுப்பதாகக் கடிதம் எழுதாவிட்டால் பேனாக்கத்தியால் முகத்தைக் கீறிவிடுவதாக மிரட்டுகிறான். எழுதியவள், அவன் அசந்த நேரத்தில் காதல் கடிதமொன்றை மாற்றி வைத்துவிடுகிறாள். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவன் கணவனே! சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கத்தி நினைவில் உறுத்துகிறது. பொறாமையின் கொடுமையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நகைச்சுவைகள் குறைவு.

முடிவில் யாருக்கும் தண்டனை இல்லை. உண்மையைச் சொல்லப் போகும் மார்ஜரியை மற்றவர்கள் சேர்ந்து அடக்கிவிடுகிறார்கள். பிந்தைய தலைமுறைகளால் இதைத் தாங்க முடியவில்லை. நடிகர் டேவிட் கேரிக் 1766இல் ஹார்னரையே நீக்கி, 'தி கன்ட்ரி கேர்ள்' என்று திருத்தி எழுதினார். 1785இல் நடிகை டோரதி ஜோர்டன் ட்ரூரி லேனில் அறிமுகமாகிப் புகழ்பெற்றது அந்த வடிவத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் மெக்காலே விச்சர்லியைத் தீண்டத்தகாத அசுத்தம் என்றே சாடினார்.

1753க்குப் பின் மூல நாடகம் மேடை கண்டது 1924இல், ஃபீனிக்ஸ் சங்கத்தின் முயற்சியால். 1936இல் ஓல்ட் விக் அரங்கில் ரூத் கார்டனும், 1956இல் ராயல் கோர்ட்டில் ஜோன் ப்ளோரைட்டும் மார்ஜரியாக நடித்தார்கள். கேரிக்கின் திருத்தத்தை இன்று நடிப்பவர்கள் அரிது. மீண்டும் மீண்டும் அரங்கேறுவது விச்சர்லியின் மூலம்தான்.