ஆள்கணக்கே முதற்செலவு: தீவகப் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளின் அணி விளையாட்டு

அமெரிக்கக் கல்லூரியொன்றின் பெண்கள் சொஃப்ட்போல் அணியை ஆராய்பவருக்கு மூன்று கணக்குகள் ஆயத்தமாகக் கிடைக்கும். அணியில் எத்தனை பேர், செலவு எவ்வளவு என்பவற்றை 1994ஆம் ஆண்டுச் சட்டமொன்று வெளியிடச் செய்தது. படிப்புக்குக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. தனிப் புள்ளி வைத்திருக்கிறது. 930க்குக் கீழே இறங்கிய அணி பருவ இறுதிப் போட்டிகளை இழக்க நேரும். இம்மூன்றையும் அங்கே தனித்தனியாக வாசிக்கலாம். யாழ்ப்பாணத் தீவகத்தில் அப்படி வாசித்தால் பிழையான முடிவுக்கே வருவோம்.

சொஃப்ட்போலுக்கு எங்களிடம் உள்ள கிட்டிய உறவு எல்லே. மூங்கில் தடியும் ரெனிஸ் பந்தும் போதும்; ஆனால் ஓர் அணிக்கு 16 பேர் வேண்டும். வலைப்பந்தில் களமிறங்குவோர் 7 பேர்தான். அதற்கோ 3.05 மீற்றர் உயரத்தில் வளையமும் மட்டமான களமும் வேண்டும். காசு குறைந்த விளையாட்டு ஆளைக் கேட்கிறது. ஆள் குறைந்த விளையாட்டு காசைக் கேட்கிறது. 1990களின் தொடக்கத்து இராணுவ நடவடிக்கைகளில் தீவக மக்களில் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தனர், பலர் திரும்பவேயில்லை. ஆகவே சாட்டி, சரவணைப் பக்கத்துச் சிறிய பாடசாலையொன்றில் ஓட்டத்துக்கும் குண்டெறிதலுக்கும் வலைப்பந்துக்கும் அதே பிள்ளைகள்தான் நிற்க வேண்டும்.

படிப்புக் கணக்கும் இங்கேதான் சிக்குகிறது. உயர்தரப் பரீட்சைக்காக ஒரு பிள்ளை விலகினால் பெரிய பாடசாலையில் பதிலாள் இறங்குவாள். சிறிய பாடசாலையில் அணியே கலையும். “படிப்பா, விளையாட்டா?” என்று பெற்றோர் பிள்ளையைக் கேட்கிறார்கள். கேள்வி போக வேண்டிய இடம் அதுவல்ல. தேசிய மட்டத் திறமைக்குப் பல்கலைக்கழகச் சிறப்பு அனுமதியில் இடமுண்டு. அணியே இல்லாதவளுக்கு அந்தக் கதவும் இல்லை.

செலவில் கனமானது பயணம். சாட்டிப் பிள்ளைகள் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வரலாம். நெடுந்தீவு அணியோ கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணித்து குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை வழியே பஸ்ஸில் வர வேண்டும். ஆட்டம் நீண்டு கடைசிப் படகு போய்விட்டால் தங்க இடம், சாப்பாடு, கூடவே ஓர் ஆசிரியை. உதவ முன்வரும் புலம்பெயர்ந்த பழைய மாணவரின் கண்ணில் இந்தச் செலவு எளிதில் படாது. சீருடையில் சங்கத்தின் பெயரை அச்சிடலாம். பஸ் கூலியில் அச்சிட முடியாது.

வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்துதானே தேசிய அணிக்குப் போனார் என்று சிலர் கேட்கலாம். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். இரண்டு மீற்றரைத் தாண்டிய உயரமும் அபாரமான குறியும் கொண்ட ஒருவரை வைத்துப் பொது விதி எழுத முடியாது.

ஆள் குறைந்த அயற்பாடசாலைகள் சேர்ந்து ஓரணியாக ஆட விதி இடம் கொடுக்க வேண்டும். தீவகப் பயணச் செலவை வலய நிதி ஏற்க வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த சீருடைக்குச் சேர்க்கும் காசை முதலில் பஸ்ஸுக்கும் படகுக்கும் ஒதுக்கட்டும்.