கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு

மொட்டை மாடி, ஓட்டுக்கூரை, வளாகத் தரை ஆகியவற்றில் விழும் மழையைத் தெருவில் ஓடவிடாமல் தொட்டியில் தேக்குவதும், குழி அல்லது கிணறு வழியாக நிலத்துக்குள் இறக்குவதும் மழைநீர் சேகரிப்பு எனப்படும். தேக்கிய நீர் நேரடியாகப் பயன்படுகிறது. நிலத்துக்குள் இறங்கிய நீர் பின்னாளில் கிணற்றிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ ஊறி வருகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வதே பொருந்தும். தொட்டி நிரம்பிய பிறகு வழியும் நீரைச் செறிவூட்டும் கிணற்றுக்குத் திருப்பிவிடலாம்.

தேவை

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. லண்டனில் பெய்வதைவிட இது இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், பெரும்பாலும் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே நகரில், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. வெள்ளமும் வறட்சியும் நான்கே ஆண்டு இடைவெளியில் வந்தன. விழும் நீரைப் பிடித்து வைக்க இடமில்லாததும் இவ்விரண்டுக்கும் ஒரு காரணம். கட்டடமும் சிமென்ட் தளமும் மூடிய நிலத்தில் மழை ஊறாது. எனவே அந்த மழையைப் பிடித்து நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு, நிலத்தை மூடிய கட்டடத்துக்கே உண்டு.

எவ்வளவு கிடைக்கும்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதில் ஒரே நாளில் 50 மி.மீ. மழை பெய்தால் 4,650 லிட்டர் விழும். ஆவியாவது, சிந்துவது, முதல் மழையாகக் கழிப்பது ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 3,700 லிட்டர் மிஞ்சும். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழங்கும் திட்ட அளவு. அதன்படி நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அந்த ஒரு நாள் மழை ஏறக்குறைய ஒரு வாரத் தேவை.

ஆண்டு முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டால், சென்னை மழையில் அந்த மாடி தருவது சுமார் 1,04,000 லிட்டர். குடும்பத்தின் தேவை சுமார் 1,97,000 லிட்டர். தனி வீட்டுக்குத் தேவையில் பாதி கூரையிலிருந்தே கிடைத்துவிடும். அதே மாடியை நான்கு குடும்பங்கள் பங்கிடும் அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்கு எட்டில் ஒரு பங்குதான் தேறும். ஆகவே அடுக்ககங்களில் மாடி நீரோடு வளாகத் தரையில் ஓடும் நீரையும் பிடிக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் கணக்கு எளிது. ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் நால்வருக்கு 20 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி ஒன்று 250 நாள் தாங்கும்.

அமைப்பின் பகுதிகள்

முதலில் கவனிக்க வேண்டியது மாடியின் வாட்டம். தண்ணீர் ஓரிடத்திலும் தேங்காமல் வடிகுழாய் வாய்க்கு ஓடிவருமாறு தளம் சரிந்திருக்க வேண்டும். வாட்டம் தவறிய மாடியில் நீர் தேங்கி, பாசி பிடித்து, கூரையும் ஒழுகத் தொடங்கும். ஓட்டு வீடுகளிலும் தகரக் கூரைகளிலும் இறப்பின் ஓரமாகப் பீலி பொருத்தி நீரைத் திரட்டுகிறார்கள். குழாயின் வாயில் சருகு நுழையாதபடி வலை இருக்க வேண்டும்.

அடுத்தது முதல் மழையைக் கழிப்பது. பல மாதத் தூசி, பறவை எச்சம், காய்ந்த இலை எல்லாவற்றையும் பருவத்தின் முதல் மழை அடித்துக்கொண்டு வரும். குறைந்தது முதல் ஒரு மி.மீ. மழையையாவது வெளியே விட வேண்டும். வடிகுழாயில் கிளை வைத்து, அடியில் மூடியிட்ட ஒரு நேர்க்குழாயைத் தொங்கவிடுவது எளிய வழி. அழுக்கு நீர் அதில் நிரம்பியதும், பின்வரும் தெளிந்த நீர் தொட்டிப் பக்கம் போகும். மழை விட்டதும் மூடியைத் திறந்து வடித்துவிடலாம். ஆனால் நான்கு அங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 8 லிட்டர்தான் கொள்ளும். ஆயிரம் சதுர அடி மாடிக்குக் கழிக்க வேண்டியதோ 90 லிட்டருக்கு மேல். ஆகையால் பெரிய மாடிகளுக்குக் குழாய்க்குப் பதில் ஒரு டிரம்மையோ கையால் திருப்பும் வால்வையோ வைப்பதே சரி.

அதன் பிறகு வடிகட்டி. சிமென்ட் தொட்டியிலோ டிரம்மிலோ அடியில் பெரிய ஜல்லி, அதன் மேல் கூழாங்கல், மேலே கழுவிய ஆற்று மணல் என்று அடுக்குகிறார்கள். சிலர் நடுவில் கரியும் போடுகிறார்கள். மணலுக்கும் கல்லுக்கும் இடையே நைலான் வலை விரித்தால் மணல் கீழே இறங்காது. வடிகட்டிய நீர் தரைக்கடித் தொட்டிக்கோ தனித் தொட்டிக்கோ செல்கிறது. தொட்டியில் வெளிச்சம் புகக் கூடாது, புகுந்தால் பாசி வளரும். நிரம்பி வழியும் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் கொசுவலை கட்ட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும், நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஒருவகை அனாபிலிஸ் கொசுவும் திறந்த தொட்டிகளில் பெருகும்.

நிலத்தில் இறக்குதல்

இங்கே மண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சென்னையிலேயே மூன்று வகை நிலம் இருக்கிறது. திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகள் மணற்பாங்கானவை. அரும்பாக்கம், விருகம்பாக்கம், கொளத்தூர், பெரம்பூர் பகுதிகளில் களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பகுதிகளில் சற்று ஆழத்திலேயே பாறை. மணலில் மூன்றடிக் குழி போட்டாலும் நீர் இறங்கிவிடும். களிமண்ணில் அதே குழி குட்டையாகத்தான் நிற்கும். அங்கே களியைத் தாண்டி மணல் அடுக்கைத் தொடும்வரை தோண்டி, சிமென்ட் உறைகள் இறக்கிக் கிணறு அமைக்க வேண்டும். பாறை நிலத்தில் மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்குக்கு நீரை அனுப்ப வேண்டும்.

வீட்டில் பழைய கிணறு இருந்தால் அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. தூர்ந்து போயிருந்தால் தூர் வாரி, வடிகட்டிய மாடி நீரை அதில் விடலாம். கிணற்றை மூடி அதன்மேல் கார் நிறுத்தும் வீட்டுக்காரர், தம் நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் செல்வத்தை இழக்கிறார். ஆழ்துளைக் கிணற்றுக்குள் நேரடியாக விடுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மண் அடுக்குகள் வடிகட்டித் தரும் வாய்ப்பு அதில் இல்லாததால், அழுக்கு நீர் நேராக நிலத்தடி நீரைக் கெடுத்துவிடும். குளியலறைக் கழிவையோ செப்டிக் டேங்க் வழிவையோ செறிவூட்டும் கிணற்றோடு இணைப்பது கூடவே கூடாது. குழிகளைக் கட்டடத்தின் அடித்தளத்தை ஒட்டாமல் தள்ளி அமைக்க வேண்டும்.

கடலோரத்தில் நீரை நிலத்தில் இறக்குவதற்கு இன்னொரு பயனும் உண்டு. நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் தங்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாக வழங்கும் விதி. நீர்மட்டம் சிறிது இறங்கினாலும் உப்புநீர் வெகுவாக மேலேறிவிடும். சிறிது ஏற்றினால் அது பின்வாங்கும்.

நீரின் தரம்

மழைநீரில் உப்பும் கடினத்தன்மையும் மிகக் குறைவு. துணி துவைக்கவும் பருப்பு வேகவைக்கவும் ஏற்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்று நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த மாவட்டங்களில், பல்லும் எலும்பும் கெடாமல் குடிக்க இது நல்ல மாற்று. ஆனால் கூரையில் பட்ட நீரில் கிருமி இருக்கலாம். குடிக்கும் முன் கொதிக்க வைப்பதோ குளோரின் இடுவதோ தேவை. ஈயம் கலந்த வண்ணம் பூசிய கூரை நீரையும், தொழிற்சாலைப் புகை படியும் இடங்களின் நீரையும் குடிப்பதற்குச் சேர்க்கக் கூடாது.

வரலாறும் பிற நாடுகளும்

செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக்கூரை உள்முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இறங்கும் மழையை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துக்கொள்வார்கள். ராஜஸ்தானிலும் அகமதாபாத்தின் பழைய வீடுகளிலும் ‘டாங்கா’ எனப்படும் நிலத்தடித் தொட்டிகள் உண்டு. மலைமுகடுகளில் வீடுகள் அமைந்த மிசோரமில் கூரைநீர் அன்றாடத் தேவைக்கே பயன்பட்டு வருகிறது. நதியே இல்லாத பெர்முடா தீவில் சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கூரையும் அடித்தொட்டியும் வீட்டின் கட்டாயப் பகுதிகள். டோக்கியோவில் 1985இல் திறக்கப்பட்ட சுமோ மல்யுத்த அரங்கு, கூரைநீரை 1,000 கன மீட்டர் தொட்டியில் தேக்கிக் கழிப்பறைகளுக்குப் பயன்படுத்துகிறது. இலங்கை 2005இல் மழைநீர் சேகரிப்புக்கெனத் தேசியக் கொள்கை வகுத்தது.

தமிழ்நாட்டுச் சட்டம்

கடும் வறட்சி நிலவிய 2003 ஜூலையில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. புதிய கட்டடங்களுக்கு மட்டுமின்றி, ஏற்கெனவே கட்டி முடித்தவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அடுத்த மாத இறுதி கெடுவாக வைக்கப்பட்டது. செய்யாதவர்களின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் விதி இருந்தது. முன்னதாக 2002இல் சென்னை மந்தைவெளியில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் மழை இல்லம் திறக்கப்பட்டது. சேகர் ராகவன் முன்னின்று நடத்தும் இந்த மையம், எந்த மண்ணுக்கு எந்த அமைப்பு என்று பொதுமக்களுக்கு இன்றும் வழிகாட்டுகிறது.

அந்தச் சட்டம் மழைநீரை வீட்டுப் பேச்சாக்கியது. அது பெரிய சாதனை. ஆனால் கெடுவுக்குள் முடிக்கும் அவசரத்தில், களிமண் பகுதியிலும் மேலோட்டமான குழி தோண்டி, குழாயை மட்டும் இறக்கிவிட்ட வீடுகள் பல. அப்படிப்பட்ட அமைப்பு ஆய்வுக்குக் கணக்கு காட்டும், நீர் தராது.

பராமரிப்பு

அமைத்ததோடு வேலை முடிவதில்லை. வடிகட்டியைத் திறந்து பார்த்தால் மணலின் மேல் மெல்லிய, வழுவழுப்பான வண்டல் படலம் படிந்திருக்கும். கீழே மணல் சுத்தமாகவே இருந்தாலும், அந்தப் படலம் போதும் நீரை மேலேயே நிறுத்திவிட. மேல் மணலை இரண்டு அங்குலம் வழித்தெடுத்து, கழுவி மறுபடி பரப்பினால் வடிகட்டி மீண்டும் நீரை விடும். செலவு எதுவும் இல்லை.

ஆவணி, புரட்டாசி மாதங்களுக்குள் முடிக்க வேண்டியவை நான்கு: மாடியைப் பெருக்கிக் கழுவுதல், குழாய் வாய்களைச் சோதித்தல், வடிகட்டி மணலைக் கழுவுதல், கிணற்றின் வண்டலை எடுத்தல். பிறகு ஒரு வாளி நீரை மாடியில் ஊற்றி, அது கிணற்றில் விழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். நிலத்தில் இறங்கும் நீர் மதில் சுவரோடு நிற்பதில்லை. ஒருவர் இறக்கியது பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் ஊறும். தெருவில் எல்லோரும் சேர்ந்து பருவத்துக்கு முன் இந்த நான்கையும் முடித்தால், கோடையில் அந்தத் தெருவின் கிணறுகள் எல்லாவற்றுக்கும் அதன் பலன் கிடைக்கும். சட்டம் குழாய் வைக்கச் சொல்லலாம், மணலைக் கழுவ வேண்டியவர்கள் வீட்டார்தான்.