எண்ணூர்க் கரையும் எளியோர் மீனும்

இராயபுரம் என்னும் பெயருக்குள் ஒரு மீனவர் இருக்கிறார். புனித பேதுருவை இராயப்பர் என்றே அழைத்த நம் முன்னோருள் படகுத் தொழிலாளர், தம் உழைப்பின் பொருளைச் சேர்த்து, அங்கே அவருக்கு ஆலயம் எழுப்பினர். உயிர்த்த ஆண்டவர் அந்த மீனவருக்குக் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தந்ததை யோவான் நற்செய்தி கூறுகிறது. மீன் நமக்கு வெறும் கறியன்று.

அம்மீன் கெடாமல் மக்களைச் சேரவேண்டும் என்ற கவலை இக்கரைக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உப்பு வரியால் நல்ல உப்பு எட்டாத மீனவர், உவர்மண்ணைக் கொண்டு கருவாடு போட்டனர். மீன்வள அறிஞர் பிரான்சிஸ் டே இக்குறையை எடுத்துரைத்தார். பின்னர் அரசு, மீன் உப்பிடும் நிலையங்களை அமைத்து, அங்கே வரியில்லா உப்பை வழங்கியது. 1905-இல் மீன்வள ஆய்வுப் பொறுப்பை ஏற்ற சர் பிரெடரிக் நிக்கல்சன், எண்ணூரிலேயே பரிசோதனை நிலையம் ஒன்றை நடத்தினார். அப்பணி பின்னர் மேற்குக் கரைக்கு மாறிற்று. 1907-இல் சென்னை மாகாண மீன்வளத்துறை தோன்றியது. மலிவான மீன் ஏழையின் இலையில் தூய்மையாக விழவேண்டும் என்பதே அம்முயற்சிகளின் நோக்கம்.

அன்று கேடு நேர்ந்தது, மீன் கரையேறிய பின்னர். கத்தியும் நன்னீரும் உப்பும் அதைத் தடுக்கப் போதுமாயிருந்தன. இன்று கேடு வலைக்கு முன்னரே வந்துவிடுகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்தது. 2017 சனவரி 28-இல் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அதை வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கழிமுகத்தில் புகுந்து, படகையும் வலையையும் கறுப்பாக்கியது.

சப்பானின் மினமாட்டா ஊரில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன்வழியே மக்களின் நரம்புகளைத் தாக்கியது 1956-இல் வெளிப்பட்டது. அதே நிலை இங்கும் உள்ளதென்று கூறவில்லை. ஆனால் மீனின் தசையில் கலந்த பாதரசத்தைக் கழுவியோ வேகவைத்தோ நீக்க இயலாது என்னும் பாடம் நமக்கும் உரியது.

அப்படியாயின் நாம் செய்வதென்ன? மீனே வேண்டாமென்று ஒதுங்கினால், குற்றமற்ற மீன்காரப் பெண்ணின் கூடை நிறைந்தபடியே வீடு திரும்பும். எண்ணெய் கொட்டிய நாள்களில், தொலைக்கடலில் பிடித்த மீனைக்கூட வாங்க மக்கள் தயங்கினர். குற்றம் செய்தவர் ஒருவர், தண்டனை பெற்றவர் வேறொருவர். ஒன்றுமில்லையென்று கண்ணை மூடிக்கொண்டால், நம் பிள்ளைகளுக்கே தீங்கு.

இரண்டுக்கும் நடுவே நீதியின் வழி ஒன்றுண்டு. கழிமுக நீரையும் மீனையும் முறையாகச் சோதித்து, முடிவை மீன்சந்தையிலேயே தமிழில் எழுதி வைக்குமாறு நம் பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் அரசைக் கேட்கலாம். எங்கே பிடித்த மீன் என்று கேட்டு வாங்கலாம். கடலில் பிடித்த நெத்திலியையும் காரப்பொடியையும் இழிவாக எண்ணாதிருக்கலாம். பெருமீன்களைவிடச் சிறுமீன்களில் பாதரசம் பொதுவாகக் குறைவே.

உப்பில்லை என்ற மீனவரின் குறை ஒருகாலத்தில் அரசின் செவியில் விழுந்தது. நீர் கெட்டது என்ற இன்றைய குறையை மீனவர் மட்டுமே சொல்லவேண்டும் என்பதில்லை. அவர் கைம்மீனை உண்ணும் நாமும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.